பெட்டிக்குள் யார் பேச்சு

பழங்குடிப் பிள்ளைகளைப் படிப்பின் பக்கம் 'ஈர்க்க' வேண்டும் என்று எந்தப் பயிற்சிக்குப் போனாலும் சொல்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். ஸ்மார்ட் போர்டு, டேப், வீடியோ பாடம், கலர் கலராக ஓடும் எழுத்து. இதையெல்லாம் கொண்டுபோய் வைத்தால் மலைப் பிள்ளை ஓடிவந்து உட்காருமாம். எனக்கு அந்த 'ஈர்ப்பு' என்கிற சொல்லோடேயே தகராறு. என்னமோ இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்க ஆசையே இல்லாத மாதிரியும், மிட்டாய் காட்டிக் கூப்பிட வேண்டிய மாதிரியும். ஆறு வயசுப் பிள்ளை அம்மாவை விட்டு, காட்டுப் பாதையில் அரை நாள் நடந்து வந்து, ஒரு தகரப் பெட்டியோடு விடுதித் தரையில் படுத்துக் கிடக்கிறது. அதுக்கு மேல என்ன ஆசை வேணும்?

நான் போளூர் பக்கம் காலனியில் பிறந்தவள். எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு வேலை வந்தது. அதுவும் யாரும் போக மாட்டேன் என்று சொன்ன இடத்தில். 1998ல் ஜவ்வாது மலையில் ஒரு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு இடைநிலை ஆசிரியையாகப் போனேன். 2023ல் ஓய்வு பெறும்வரை அந்த மலையில்தான்.

அங்கே இருக்கிறவர்களை அரசாங்கம் 'மலையாளி' என்று எழுதுகிறது. கேரளத்துக்காரர்கள் இல்லை. பேசுவது தமிழ்தான், ஆனால் நம்முடைய காதுக்கு வேறாக விழும் தமிழ். அவர்களும் நாமும் ஒடுக்கப்பட்டவர்கள், ஆகவே ஒன்று என்று மேடையில் பேசுவது சுலபம். தோழர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அவர்களிடம் ஒரு கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வேளாளர் வழி நாங்கள் என்று. பேருக்குப் பின்னால் கவுண்டர் போடுவார்கள். நான் போன முதல் வருஷம் ஒரு வீட்டில் எனக்குத் தண்ணீரைச் சொம்பில் தரவில்லை, கையில் ஊற்றினார்கள். குனிந்து கையேந்திக் குடித்தேன். அதே வீட்டுக்காரரை அதே வாரத்தில் ஒரு பாரஸ்ட் கார்டு விறகுக் கட்டுக்காகக் கன்னத்தில் அறைந்ததையும் பார்த்தேன். என்னைவிட இளைய பையன் அந்த கார்டு. இவர் 'சாமி சாமி' என்று நின்றார். இந்த ரெண்டையும் சேர்த்து வைத்துத்தான் இந்த மலையைப் பற்றி என்னால் எழுத முடியும்.

தொழில்நுட்பம் மலைக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காவலூர் வானாய்வகம் இந்த மலையில்தான் இருக்கிறது. 1977ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைனு பாப்பு பேரை வைத்தார்கள். இருட்டும் தெளிந்த வானமும் இருக்கிற இடம் பார்த்துத்தான் இங்கே வந்தார்கள். மலையின் இன்னொரு கோடியில் எங்கள் விடுதியிலும் அந்த இருட்டு தாராளமாக இருந்தது. ஒரு குண்டு பல்பு, அதுவும் மழை பெய்தால் போய்விடும். கோடானுகோடி மைல் தள்ளி இருக்கிற வளையம் தெரிந்தது. பக்கத்தில் அரிக்கன் விளக்கில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி வருவதும் பழைய கதை. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை வைத்து ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். சைட் என்று அதுக்குப் பேர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அன்றைக்குப் போட்ட தடம் இன்றைக்கும் மாறவில்லை. எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில் ஒருத்தர் பேசுவார், எல்லா ஊரும் கேட்கும். ஊர் பேசினால் ஸ்டுடியோ கேட்பதற்கு ஏற்பாடு கிடையாது. எங்கள் பள்ளிக்கு வந்த ரேடியோ செட்டு பீரோவுக்குள் இருந்தது, உடைந்தால் யார் கட்டுவது என்ற பயத்தில். அப்புறம் டி.வி. வந்தது, டிஷ் ஆண்டெனாவைக் குரங்கு பிடுங்கிப் போட்டது. கம்ப்யூட்டர் வந்தது, அதுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சாவி ஒருத்தரிடம், அவர் வாரத்தில் ரெண்டு நாள் வருவார். 2011ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். அது நல்ல காரியம், எங்கள் மலையில் பிளஸ் டூ வரை போன வீடுகளில் அதுதான் முதல் புத்தகம் போல இருந்தது. ஆனால் பிளஸ் டூ வரை போனவர்கள் எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், பழங்குடிகளில் 54.34. நடுவில் விழுந்த பள்ளத்தை எந்தப் பெட்டி வைத்து மூடுவது?

பிறகு எங்களுக்கு ஒரு புரொஜக்டர் வந்தது. கூடவே சி.டி. ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டி மூன்றாம் வகுப்புக்குப் போட்டேன். பிள்ளைகள் அசையவில்லை, பேசவில்லை, கண் கொட்டவில்லை. பார்க்க வந்த அதிகாரிக்கு ரொம்ப சந்தோஷம். "பாருங்கம்மா, எவ்ளோ ஆர்வம்" என்றார். எனக்கு அந்த அமைதி தெரியும். டவுன் ஆஸ்பத்திரியில், ரேஞ்சர் ஆபீசில், தாலுக்கா ஆபீசில் அவர்களின் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிற அதே அமைதி. என் அம்மா நிலத்துக்காரன் வாசலில் நின்ற அமைதியும் அதுதான். அதைப் போய் ஆர்வம் என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த சி.டி.யில் வீடு என்றால் மாடி வீடு. காடு என்றால் சிங்கம். ஒரு பாடத்தில் 'காட்டுவாசி' வந்தான், இடுப்பில் இலை கட்டிக்கொண்டு ஈட்டியோடு குதித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். "இது யாரு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். என்ன பதில் சொல்ல?

மூன்றாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை வாயே திறக்காது. பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்ளும். முன்னால் இருந்த வாத்தியார் அவள் பேசியதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாராம், 'மலையான் பாசை' என்று. ஏழு வயசில் ஒருமுறை சிரித்தால் போதும், ஜென்மத்துக்கும் வாய் மூடிக்கொள்ளும். எனக்கும் ஒரு வாத்தியார் இருந்தார், "சேரிப் பேச்சைச் சேரியிலேயே வச்சுக்கோ" என்று. ஆகவே அந்த மௌனம் எனக்குப் புதுசில்லை.

2014 வாக்கில் என் மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதில் குரல் பதிகிற வசதி இருந்தது. ஒருநாள் சாயங்காலம் விடுதித் திண்ணையில் அந்தப் பிள்ளை சின்னவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டேன், "இதுல சொல்றியா, திருப்பிக் கேக்கலாம்." கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள். நரியும் பலாப்பழமும் என்று ஒரு கதை. திருப்பிப் போட்டேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். "இது நானில்ல" என்றாள். மற்றப் பிள்ளைகள் "நீதாண்டி, நீதாண்டி" என்று கத்தினார்கள். அன்றைக்கு ராத்திரி அந்தக் கதையைப் பதினோரு தடவை போடச் சொன்னார்கள், சார்ஜ் தீர்ந்து போயிற்று.

மறுநாள் வகுப்பில் அதைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினேன். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. தன் வாயிலிருந்து வந்தது சுண்ணாம்புக்கட்டியில் எழுத்தாக நிற்பதை அந்தப் பிள்ளை எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்திலேயே புத்தகத் தமிழில் எழுதினேன். "புத்தகத்துக்காரங்க இப்படி எழுதுவாங்க. பரீட்சையில இதை எழுது. ரெண்டும் உனக்கு வேணும்" என்றேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பையன்கள்கூட அந்தப் பலகையை ஒரு வாரத்தில் வாசித்தார்கள். அடுத்த வரி என்னவென்று அவர்களுக்கு முன்னாலேயே தெரியும், எழுத்துதான் புதுசு. சொல் தெரியும், எழுத்து தெரியாது என்ற நிலையில் ஆரம்பித்தால் பிள்ளைக்குப் பாதி வேலைதான். சொல்லும் தெரியாது, எழுத்தும் தெரியாது, படத்தில் இருக்கிற மாடி வீடும் தெரியாது என்றால் முழு வேலை. இதுக்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. கட்டாயக் கல்விச் சட்டம், 2009லேயே, முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக்கொடு என்று எழுதி வைத்திருக்கிறது.

சனி ஞாயிறு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது பாட்டிமார்கள் குரலோடு வரும். சாமை விதைப்பு பற்றி ஒரு கிழவி பேசினாள். சிட்டஞ்சாமை எப்போ விதைக்கணும், பெருஞ்சாமை எப்போ, எது சீக்கிரம் வரும், எது நின்னு வரும். வகுப்பில் போட்டதும் ஒரே சண்டை. "எங்க ஊர்ல அப்படி இல்ல டீச்சர், எங்காயா வேற சொல்லும்." சரி, உங்காயாவையும் பதிஞ்சிட்டு வா. ஒரு ஏக்கருக்கு எத்தனை படி விதை, விளைந்தால் எத்தனை மரக்கால், குத்தினால் எவ்வளவு அரிசி, வியாபாரி எடுக்கிற விலை என்ன, டவுனில் பாக்கெட்டில் விற்கிற விலை என்ன. கணக்குப் பாடம் தன்னால் நடந்தது. இந்தக் கடைசிக் கணக்கைப் போட்ட அஞ்சாம் வகுப்புப் பையன் விடையை மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டான். தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்தான். தப்பு கணக்கில் இல்லை.

இன்னொரு அதிகாரி வந்தார், இவர் தமிழ்ப் பற்று உள்ளவர். பலகையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா கொச்சையை எழுதி வச்சிருக்கீங்க? பிள்ளைங்க பழகிடப் போறாங்க" என்றார். பழகத்தான் சார் பிறந்திருக்காங்க என்று சொன்னேன். மெமோ வந்தது. பதில் எழுதினேன். சத்தீஸ்கரில் 2010லிருந்து சி.ஜி.நெட் ஸ்வரா என்று ஒன்று நடந்ததையும் அதில் குறிப்பிட்டேன். ஆதிவாசிகள் சாதாரண போனில் ஒரு நம்பருக்குப் பேசி கோண்டியில் தங்கள் ஊர்ச் சேதியைப் பதிவு செய்வார்கள், ரேஷன் வரவில்லை, கூலி வரவில்லை என்று. மற்றவர்கள் அதே நம்பரில் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. போனை அப்படியும் பயன்படுத்தலாம் என்று எழுதினேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஒரு போன் இருந்தால் போதும் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். குரலைப் பிடிக்கிற பெட்டி ஆபத்தான பெட்டியும்கூட. தேன் எடுப்பது பற்றிப் பதிய ஒரு பெரியவரிடம் பிள்ளைகள் போனார்கள். கொசுத்தேன், கொம்புத்தேன், மலைத்தேன் எல்லாம் சொன்னார். எந்தப் பாறையில் என்று கேட்டபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அடுத்த வாரம் என்னிடமே நேரில் வந்து கேட்டார், "டீச்சரு, இதுல பேசினது எங்க போயிச் சேருது?" எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. ஏ.சி. ஹாலில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டப் போன கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. அதுக்கப்புறம் மலையில் போன் என்றாலே பயம். யார் யாரோடு பேசினார்கள் என்று போலீஸ் நம்பரை வைத்துத்தான் தேடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் 'எங்க வீடு' என்ற தலைப்பில் பிள்ளைகளைப் பேசச் சொன்னபோது ஒரு பையன் சொன்னான்: "எங்கப்பா மரத்துக்குப் போயிருக்குது. வந்தா செருப்பு வாங்கித் தரும்." அவ்வளவுதான். ஒன்பது வயசுப் பிள்ளையின் அருமையான ரெண்டு வாக்கியம். எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாக நிற்கக்கூடிய ரெண்டு வாக்கியமும்தான். அவன் அம்மா எப்படியோ கேள்விப்பட்டு மறுநாளே இறங்கி வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "அழிச்சிடு" என்றாள். அவள் கண் முன்னாலேயே அழித்தேன், அழிந்ததைக் காட்டினேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். பதிந்ததை முதலில் பேசினவர் கேட்க வேண்டும். அவர் வை என்றால் வைப்பது, அழி என்றால் அழிப்பது. அழிக்கிற பட்டன் எது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தேன், பதிகிற பட்டன் அப்புறம்.

இப்போது பிள்ளைகளிடம் டேப் கொடுத்து விரல்ரேகை, ஆதார் நம்பர், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாவற்றையும் எங்கேயோ ஏற்றச் சொல்கிறார்கள். அழிக்கிற பட்டன் யார் கையில் என்று அந்தப் பெரியவர் மாதிரி யாராவது கேட்க வேண்டும்.

எனக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பிள்ளைகள் பேச்சுக்கு இடம் கொடு என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்குள் என்னவெல்லாம் இருக்கும்? 2017ல் ஒரு பையன் தாத்தா சொன்ன கதை ஒன்றைக் கொண்டுவந்தான். மலையேறி வந்த முன்னோர்கள் கதை. நன்றாகத்தான் போயிற்று. நடுவில் கீழ்நாட்டிலிருந்து ஒருத்தன் வருகிறான், அவன் தொட்ட பானையை உடைக்கிறார்கள், அவனுக்கு ஒரு பேர் சொல்கிறார்கள். என் சாதியின் பேர், வசவாக. ஸ்பீக்கரில் வகுப்பு முழுக்கக் கேட்டது. பிள்ளைகளுக்கு அது வெறும் கதை, பானை உடைகிற இடத்தில் சிரித்தார்கள். பெரிய பிள்ளைகள் ரெண்டு மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் காது சுட்டது. நிறுத்தவில்லை, முடியும்வரை ஓடவிட்டேன். பிறகு திரும்ப அந்த இடத்தைப் போட்டேன். "இந்தப் பேரு யாரைச் சொல்றது தெரியுமா?" தெரியாது என்றார்கள். "என்னை" என்றேன். "எங்கம்மா, எங்கப்பா, என் பிள்ளைங்க. நான் தொட்ட சோத்துப் பானையிலதான் நேத்து ராத்திரி நீங்க சாப்பிட்டீங்க. வார்டன் லீவுன்னு நான்தான் பரிமாறினேன்." யாரும் பேசவில்லை. பிறகு 'மலையான்' என்று டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிட்டது பற்றி ஒரு பெண் பிள்ளை தானாகப் பேசினாள். பெயரைக் கேட்காமல் மலையான் என்று. அப்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். வகுப்பு அன்றைக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் கலையவில்லை. அந்தப் பையன் கடைசிவரை தலை நிமிரவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தாத்தாமேல் இருக்கிறது, இன்றைக்கும். அந்தப் பதிவை அழிக்கவா என்று அவன் சாயங்காலம் வந்து கேட்டான். நம்ம வழக்கப்படி பேசினவர்தானே சொல்லணும், தாத்தாகிட்ட கேளு என்றேன். தாத்தா 'இருக்கட்டும்' என்றாராம்.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அதைப் பார்த்துப் படிக்கச் சொன்னார்கள். என் வகுப்பில் 31 பேர். பெரிய போன் இருந்த வீடு நாலு. அந்த நாலுக்கும் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஆனால் பட்டன் போன் பல வீட்டில் இருந்தது, அதில் மெமரி கார்டு போட்டால் பாட்டுக் கேட்கலாம். பழைய பதிவுகளையும், நானே பேசிப் பதிந்த கணக்கு, தமிழ்ப் பாடங்களையும் கார்டில் ஏற்றி, ஜமுனாமரத்தூர் போகிற காய்கறி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு கார்டு ஆறேழு வீடு சுற்றி வரும். திரும்பி வரும்போது சில கார்டுகளில் சினிமாப் பாட்டு ஏறியிருக்கும். சிலதில் பிள்ளைகள் எனக்குப் பேசிய பதில் இருக்கும். "டீச்சர் நான் மிளகு பறிக்கப் போறேன் டீச்சர்" என்று ஒன்று. "அக்காளுக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்க" என்று ஒன்று. அக்காளுக்கு வயசு பதினாலு.

2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தபோது 31ல் 22 பேர் வந்தார்கள். மற்றவர்களைத் தேடி நடந்தேன், நாலு பேரைக் கூட்டி வந்தேன். ஐந்து பேர் வரவேயில்லை. இதில் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் பங்கில்லை, நடந்து போனதுதான்.

ஆரம்பத்தில் சொன்னேனே, வாயே திறக்காத பிள்ளை, அவள் பிளஸ் டூ முடித்தாள். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்து தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பதிவுகள் எல்லாம் இப்போது அவளிடம்தான் இருக்கின்றன, என் பழைய போன் செத்துப் போயிற்று. போன மாசம் கூப்பிட்டாள். இதையெல்லாம் யூடியூபில் போடலாமா என்று கேட்டாள். ஊரைக் கேளு என்றேன். ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். பாட்டும் சாமைக் கதையும் போடலாம், தேன் வேண்டாம் என்று முடிவாயிற்றாம். கிழவிகளில் ஒருத்தி மட்டும், காசு வந்தால் எனக்கும் பங்கு வேணும் என்றாளாம்.

"அந்தப் பானை உடைக்கிற கதையை என்ன பண்றது டீச்சர்?" என்று கேட்டாள்.

"உனக்கென்ன தோணுது?"

"தாத்தா செத்துட்டாரு. அழிக்கவும் மனசில்ல, அப்படியே போடவும் மனசில்ல."

"அப்ப முன்னாடி நீ பேசு. அந்த வார்த்தை யாரைச் சொல்லுது, கிளாஸ்ல அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் தாத்தாவப் பேச விடு."

நேற்று அனுப்பியிருக்கிறாள். ரெண்டு நிமிஷம் பத்து வினாடி. அவள் பேச்சிலேயே பேசியிருக்கிறாள், புத்தகத் தமிழ் எங்கேயும் இல்லை. எனக்குப் பேர் சொல்லவில்லை, 'எங்க டீச்சரு' என்று மட்டும் சொல்கிறாள். நடுவில் ஒரு இடத்தில் நாய் குரைக்கிறது. வேறு எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாள், வேண்டாம் என்று எழுதினேன்.